மொழிபெயர்ப்பாளரின் அண்ணன்

சூர்
மார்ச் 3

அன்பு ரையாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அனுப்பிய அல்வா வந்து சேர்ந்தது. பாதியை மகள் நஸ்ரா ஒருத்தியே தின்றுவிட்டாள்.

தோணியோடு கடலில் பிடிபட்ட உன் அண்ணனைப் பற்றி நான்கு மாதம் கழித்துத் தகவல் கிடைத்திருக்கிறது. அவருடைய தோணியில் சமையல்காரராக இருந்த முபாரக்கை விட்டுவிட்டார்கள். நேற்று வந்து வாசலிலேயே நின்று அழுதார். "கேப்டன் உயிரோடதான் இருக்காரும்மா. எதிரிக்கு ஆயுதம் கடத்தினேன்னு கையெழுத்துப் போடச் சொல்லி அடிக்கிறாங்க. அவரு போடமாட்டேங்கறாரு" என்றார். தோணியில் ஏற்றியது பேரீச்சம்பழமும் காய்ந்த எலுமிச்சையும்தான். மூட்டை கட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன்.

அவரைப் பிடித்து வைத்திருப்பவர்கள் இப்போது மஸ்கட்டில்தான் பேச்சுவார்த்தைக்கு வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நீதான் மொழிபெயர்க்கிறாய் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரே ஒரு வார்த்தை, ரையா. ஹமூத் என்ற உன் அண்ணன் பெயரை அவர்கள் காதில் போடு. போதும்.

உன் அண்ணி
ஷம்ஸா

மஸ்கட்
மார்ச் 11

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்ற வரியை மட்டும் இன்னும் அதிகத் தடவை.

நாடுகளின் பெயரை எழுதக் கூடாது. கீழ்வீட்டார், மாடிவீட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனைப் பிடித்தவர்கள் கீழ்வீட்டார். இரண்டு தரப்பும் ஒரே விருந்தினர் மாளிகையில் தங்கியிருக்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. நாங்கள்தான் படியேறி இறங்கி இவர்கள் சொன்னதை அவர்களுக்குச் சொல்கிறோம். இரு பக்கத்துக் கைதிகளையும் மாற்றிக்கொள்ளும் பேச்சு அது.

அன்றே என் மேலதிகாரி முஹன்னாவிடம் போய் அண்ணன் விஷயத்தைச் சொன்னேன். அவர், "நமக்குன்னு ஒரு ஆளைக் கேட்டோம்னா பதிலுக்கு அவங்க ஒண்ணு கேப்பாங்கம்மா. அதைக் குடுத்துட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மாடிக்குப் போறது?" என்றார். பேச்சு முடியும்வரை இரண்டு பக்கத்திலும் எந்த உபகாரமும் கேட்கக் கூடாது என்பது அரண்மனைக் கட்டளை. இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவில் இருக்கிற சின்ன நாடு நாம். யார் பக்கமும் சாயாதவர்கள் என்ற பெயரைத் தவிர நம்மிடம் வேறு படை இல்லை.

கோபப்படாதீர்கள், அண்ணி. நஸ்ராவுக்கு முத்தம்.

ரையா

சூர்
மார்ச் 20

ரையா,

நஸ்ராவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். வாப்பா எங்கே என்று கேட்கிறாள்.

உன் முஹன்னாவின் தம்பி அந்தச் சிறையில் இருந்தால் அவர் இப்படிப் பேசுவாரா? தங்கள் வீட்டு ஆண்கள் பத்திரமாக இருக்கிறவர்களுக்கு நடுநிலை சுலபம். கேட்டாயா, இல்லையா என்று மட்டும் எழுது.

ஷம்ஸா

மஸ்கட்
ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணி,

இதை வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் கேட்கவில்லை. அவர்களாகவே வந்தார்கள். செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தாழ்வாரத்தில், கீழ்வீட்டாரின் தலைவர் காபிக் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "சூர்க்காரரு ஹமூத் உங்க அண்ணனாமே? நல்லா இருக்காரு. மாடியில இருக்கறவங்க கடைசியா எத்தனை பேரை விட்டா ஒத்துக்குவாங்க? அந்த எண்ணை மட்டும் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அவரு சூர்ல இருப்பாரு" என்றார்.

அந்த எண் எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் தட்டச்சு செய்திருந்தேன்.

அண்ணி, அவர் சிரித்துக்கொண்டே நின்றார். அண்ணன் பெயர் அவர் வாயில் கேட்டபோது, சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் விடுதலையாக வேண்டிய கைதிகளின் பட்டியலில் இருக்கும் நூற்று நாற்பத்து மூன்று பெயர்களையும் நான்தான் எழுதினேன். தகப்பன் பெயர், ஊர், வயது எல்லாம். எண் வெளியே போனது தெரிந்தால் மாடிவீட்டார் பேச்சை முறித்துக்கொண்டு அன்றைக்கே விமானம் ஏறிவிடுவார்கள். "காபி ஆறிடப் போகுது, ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு, முஹன்னாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அந்த மாலையே என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஆவண அறையில் கோப்பு அடுக்குகிறேன்.

அண்ணனைக் கொண்டுவந்திருக்கலாம். கொண்டுவரவில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லித் திட்டுங்கள். ஆனால் எழுதுங்கள்.

ரையா

மஸ்கட்
மே 5

அன்புள்ள அண்ணி,

மூன்று கடிதம் போட்டுவிட்டேன். பதில் இல்லை. நஸ்ராவுக்குக் காய்ச்சல் விட்டதா?

நேற்று ஒப்பந்தம் கையெழுத்தானது. நூற்று நாற்பத்து மூன்று பேரும் வீட்டுக்குப் போகிறார்கள். அண்ணன் இரு தரப்புக்கும் சொந்தமில்லாதவன், பட்டியலில் இல்லை. இப்போது கேட்கலாம் என்று முஹன்னா சொன்னார். கீழ்வீட்டாரிடம் அவரே கேட்டிருக்கிறார்.

ரையா

சூர்
ஜூலை 9

ரையா,

உன் அண்ணன் வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை ஒரு மீன்பிடிப் படகில் கொண்டுவந்து இறக்கினார்கள். நஸ்ராவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருக்கிறார்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். உன்மேல் அவருக்கும் கோபம் வரட்டும் என்றுதான் வைத்தேன். ஏப்ரல் மாதக் கடிதத்தை மட்டும் இரண்டு முறை படித்தார். பிறகு, "வெள்ளிக்கிழமைன்னா சொன்னான்?" என்று கேட்டார். அந்த வெள்ளிக்கிழமை அவரை எதுவும் சொல்லாமல் இழுத்துக்கொண்டு போய் இடக்கை விரல்கள் நான்கையும் உடைத்திருக்கிறார்கள். ஏன் என்று இத்தனை நாள் அவருக்குத் தெரியாது. இனி அந்தக் கையால் தோணிக் கயிறு பிடிக்க முடியாது.

"எந்தங்கச்சி பண்ணதுதான் சரி" என்றார். பிறகு கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்து, "விரலப் பத்தி அவளுக்கு எழுதாத. தாங்கமாட்டா" என்றார்.

எழுதிவிட்டேன். நூற்று நாற்பத்து மூன்று பேரின் மனைவிமாருக்காக என்னால் சந்தோஷப்பட முடிகிறது. உன்னைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நான் வரமாட்டேன்.

பெருநாளுக்கு அவர் நஸ்ராவை அழைத்துக்கொண்டு மஸ்கட் வருவார். இடக்கையை அங்கிக்குள் மறைத்துக்கொள்வார். நீ பார்க்காத மாதிரியே இரு. பேசாமல் இருக்க உனக்குத் தெரியும்.

ஷம்ஸா