பகலில் மட்டும் பாய்லரை அணைத்துவிடு

அன்புள்ள மகள் ரான்ஹிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், ஆனால் இந்தக் குளிர்காலத்தில் அந்தச் சொல்லை எழுதவே எனக்குப் பயமாக இருக்கிறது. போன வாரம் தொலைபேசியில் நன்றாக இருக்கிறோம் என்றேன், நீ சிங்கப்பூரில் உட்கார்ந்தபடியே கைபேசி வழியாக எங்கள் தரையைச் சூடாக்கும் பாய்லரை ஒரு டிகிரி ஏற்றினாய். அம்மா பேசியைப் பிடுங்கி, சத்தியமாக நன்றாக இருக்கிறோம், வீண் செலவு செய்யாதே என்றாள், இன்னொரு டிகிரி ஏறியது. பெற்றவர்கள் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்று யாரோ உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அநேகமாக நாங்களாகத்தான் இருக்கும். ஆகவே இந்த முறை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்: எங்களுக்கு வியர்க்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நீ அனுப்பிய படத்தில் ஏசி தாங்காமல் ஸ்வெட்டர் போட்டிருந்தாய். இங்கே வெளியில் ஆறு உறைந்து கிடக்கிறது, உன் அம்மா கையில்லாத சட்டையோடு விசிறிக்கொண்டிருக்கிறாள். ஒரே குடும்பம் இரண்டு நாட்டிலும் அந்தந்த ஊர்ப் பருவத்தை ஏற்க மறுத்துப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறது.

தபாலில் போட்டால் தாமதமாகும் என்பதால் ஊர்த் தலைவர் திரு. மா இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அதனால் அவரைப் பற்றி எழுதுவதை அவரும் படிப்பார், படிக்கட்டும். நீ புது பாய்லர் மாட்டிக் கொடுத்துவிட்டு, அம்மா அணைத்துவிடுவாள் என்று சுவரில் இருக்கும் பொத்தான்களை ரகசிய எண் போட்டுப் பூட்டிவிட்டுப் போனாயே, அதன் பிறகு இந்த வீட்டின் தட்பவெப்பம் எங்கள் கையில் இல்லை. டிசம்பரில் அம்மா ஒரு நாள் பொறுக்க முடியாமல் பிளக்கைப் பிடுங்கினாள். உன் கைபேசியில் தொடர்பு இல்லை என்று காட்டியிருக்கிறது, நீ தலைவருக்கு அடித்திருக்கிறாய், அவர் முகச்சவரத்தைப் பாதியில் விட்டு ஒரு கன்னம் நுரையோடு பனியில் ஓடி வந்து, "வாத்தியாரய்யா, உசுரோட இருக்கீங்களா? சிங்கப்பூர்லேர்ந்து கேக்குறாங்க" என்றார். இருக்கிறேன் என்றேன். "ஒரு தடவ அம்மாவையும் காட்டிடுங்க, நான் பதில் சொல்லணும்" என்றார். அதிலிருந்து பிளக்கை யாரும் தொடுவதில்லை.

நான் சொல்ல வந்தது இது இல்லை. நம் ஊரில் குளிர்காலத்தில் காலையில் அவரவர் பாய்லரைக் குறைத்துவிட்டு எல்லோரும் ஊர்மன்றத்துக்குப் போவதும், அங்கே வட்டார அலுவலகம் கொடுக்கும் பாய்லர் எண்ணெயில் தரை சூடாகிக் கிடக்க, பூச்சீட்டு ஆடிச் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு இருட்டும்போது வீடு திரும்புவதும் உனக்குத் தெரியும். நீ எங்கள் வீட்டைப் பகலெல்லாம் இருபத்தேழு டிகிரிக்குக் காய்ச்சத் தொடங்கியதும், யாரும் படுக்காத தரை சும்மா சுடுகிறதே என்று உன் அம்மாவுக்கு உறக்கம் போய்விட்டது. முதலில் மிளகாயைக் காயப்போட்டாள். பிறகு புளிக்கவைக்கும் சோயாக் கட்டிகளை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தார் தங்கள் சோயாக் கட்டிகளைக் கொண்டுவந்தார்கள், அவை பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்க அவர்களே வந்தார்கள், வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

ஒரு வீட்டுக்கு யாரும் கையை வீசிக்கொண்டு போவதில்லையே. ஆளுக்கொரு முள்ளங்கியோடு வந்தார்கள். அம்மா சும்மா இருப்பாளா, கையால் வெட்டிய நூடுல்ஸ் சூப் செய்து போட்டாள். சூப் குடித்தவர்களுக்கு முள்ளங்கி போதாது என்று தோன்றி மறுநாள் முட்டை கொண்டுவந்தார்கள், முட்டையைப் பார்த்து அம்மா இறைச்சி வாங்கினாள். நாங்கள் ஒரு வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி நாலைந்து வீடு சுற்றி, சில பழங்கள் குறைந்து, எங்களுக்கே பரிசாக வந்து சேர்ந்தது. வராமல் இருக்கவும் முடியாது, வராவிட்டால் ஏதோ சண்டை என்று ஊர் பேசும். பின்னறையில் முள்ளங்கி குவிந்து, உன் சூட்டில் அழுகப் பார்த்ததால் அந்த அறை ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம், அதன் வழியாக நீ எதிர் மலையையும் சூடாக்கிக்கொண்டிருக்கிறாய். நான் இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் பொருளாதாரம் நடத்தினேன், இப்படி ஒன்றை எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை. சூடு இலவசம், அதில் உட்காருவதுதான் செலவு.

இதனால் ஊர்மன்றம் காலியாகிவிட்டது. கொடுத்த எண்ணெயை இந்தக் குளிர்காலத்துக்குள் எரிக்காவிட்டால் மன்றத்துக்குத் தேவையில்லை என்று அர்த்தம், அடுத்த வருடம் கிடையாது என்பது விதி. மிச்சம் பிடிக்கிறவனைத் தண்டிக்கும் இந்த விதியை யார் எழுதினார்களோ, அவர்கள் வீட்டில் மிச்சம் பிடிப்பது மனைவியின் வேலை என்று நினைக்கிறேன். தலைவர் பதறிப்போய் என்னிடம் வந்து, "பாய்லர போட்டா கொஞ்ச நேரத்துல அறை சூடாகி அதுவே நின்னுடுது வாத்தியாரய்யா, எண்ணெய் எறங்கவே மாட்டேங்குது, சனியன் என்ன நல்ல பாய்லரோ" என்று புலம்பினார். பிறகு அவராக ஒரு யோசனை செய்தார். மன்றத்தின் ஜன்னல் கதவெல்லாம் விரியத் திறந்து போட்டு, பாய்லரை உச்சத்தில் வைத்தார். எண்ணெய் நன்றாகவே இறங்கியது. அப்போது பார்த்து வட்டார அலுவலகத்திலிருந்து சோதனைக்கு ஒரு பெண் வந்துவிட்டாள். உள்ளே பனி பறந்து வந்து விழுகிறது, பாய்லர் உறுமுகிறது, நடுவில், வீட்டில் தனியாக இருக்கும் நம் சுன்யாங்கார அம்மா மட்டும் போர்வைக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண் ஒன்றும் கோபப்படவில்லை. "என்னங்க தலைவரே, மலை குளிர் காயுதா?" என்று கேட்டாள். பிறகு, சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின வியாழக்கிழமை மறுபடி வருவேன், அன்றைக்கும் ஒரே ஓர் ஆள்தான் என்றால் நம் மன்றத்தை மூடி, மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர் மன்றத்தோடு சேர்க்கச் சொல்லி எழுதுவதைத் தவிர தனக்கு வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் சுன்யாங்கார அம்மா எப்படிப் போவார்? நடந்தால் முழங்கால் விடாது, பஸ் காலையில் ஒன்று மாலையில் ஒன்று. அவர் வீட்டில் பாய்லர் ஓடுவது குழாய் உறையாமல் இருக்க மட்டும், இரவில் மின்சார மெத்தை, பகலில் மன்றம், அப்படித்தான் அவர் குளிர்காலங்களைத் தள்ளுகிறார். இஞ்சோன் நகரத்தில் இருக்கும் அவர் மகன் மன்றம் இருக்கிற தைரியத்தில்தான் அம்மாவை இங்கே விட்டு வைத்திருக்கிறான், அது மூடினால் முதியோர் விடுதியில் சேர்ப்பதாகத் திட்டமாகச் சொல்லிவிட்டான். இவரும் முதலில் நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்தான், திடீரென்று நின்றுவிட்டார். சூப்பில் உப்புக் கூடிவிட்டது என்று கோபித்துக்கொண்டாரோ என்று உன் அம்மா இரண்டு நாள் தன்னையே நொந்துகொண்டாள். சோதனை முடிந்த அன்று நான் மன்றத்துக்குப் போய் நேராகவே கேட்டேன். "உங்க வீட்டுத் தரை நல்லாத்தான் சுடுது வாத்தியாரய்யா. முள்ளங்கி தீந்துது, மிளகாப்பொடி தீந்துது, கோழியும் குளிர்ல முட்டை போடறத நிறுத்திடுச்சு. இனி எதக் கொண்டாந்து உங்க வாசல்ல நிப்பேன்?" என்றார். வெறுங்கையோடு வாருங்கள் என்றேன். "சொல்றதுக்கு உங்களுக்கு வாய் வருது, வர்றதுக்கு எனக்குக் கால் வரலியே. இது யாரு வீடும் இல்ல. இங்க வந்தேன்னா வந்தேன், அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சீட்டுக்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூடத்தில் படுத்திருந்தவர்களைப் பார்த்து எல்லோரும் எழுந்து மன்றத்துக்கு வாருங்கள் என்றாள். "நல்லா இருக்கே, இவ்வளவு சூட வெச்சுக்கிட்டு அங்க போய் யாராவது வெறைப்பாங்களா?" என்றார்கள். அவள் குரலை உயர்த்தியதும், தங்களைத் துரத்துகிறாள் என்று நினைத்து இரண்டு பேர் முகம் சிவந்து போனார்கள். மறுநாள் சமாதானமாக இன்னும் பெரிய முள்ளங்கிகளோடு வந்தார்கள். இப்போது தினமும் அம்மாவும் நானும் மன்றத்துக்கு வந்து சுன்யாங்கார அம்மாவோடு உட்காருகிறோம், நம் வீட்டில் எங்களைத் தவிர ஊரே இருக்கிறது. மூன்று பேர் ஒரு மன்றத்துக்குப் போதாது என்று தலைவர் சொல்கிறார்.

ஆகவே ரான்ஹி, பகலில் காலை எட்டு மணியிலிருந்து இருட்டும்வரை எங்கள் பாய்லரை அணைத்துவிடு. வியாழக்கிழமை மட்டும் இல்லை, பனி உருகும்வரை. இது எங்கள் சிக்கனம் இல்லை, வழக்கமான பொய்யும் இல்லை. தரை ஆறத் தொடங்கினால் யாருக்கும் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, தாங்களாகவே எழுந்து மன்றத்துக்கு நடப்பார்கள், யார் மனமும் புண்படாது. இரவில் உன் இஷ்டம், இருபது டிகிரிவரை அம்மா சம்மதித்திருக்கிறாள். நீ எங்களுக்காக எவ்வளவோ செய்கிறாய், இந்த ஒன்றை மட்டும் செய்யாமல் இரு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சுன்யாங்கார அம்மா சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அப்படி என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். மகளிடம் கொஞ்சம் குளிர் கேட்கிறேன் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "பெத்தவங்களுக்கு எந்தப் பொண்ணுக்கு அதக் குடுக்க மனசு வரும்?" என்றார். என் மகளுக்கு வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். குழந்தைக்கு ஏசிக் காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொள். வியாழக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
ஊர்மன்றத்துத் தரையிலிருந்து, உன் அப்பா
பியோ குவாங்சிக்