உருண்டைக் குடுவை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் இப்போது மாடிப்படி ஏற விடுகிறதா? நான் நன்றாக இருக்கிறேன். ஹைதராபாத்தில் குளிர் தொடங்கிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை. வருத்தப்படாதீர்கள். நீங்கள் அங்கே திராட்சை ஒயின் போடும்போது நானும் இங்கே போடுகிறேன். முதலில் ஈஸ்ட்டைச் சர்க்கரைத் தண்ணீரில் நுரைக்க வைக்க வேண்டுமே, அதற்கு ஒரு கண்ணாடிக் குடுவை வாங்க லேப் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் நூர் முகமது ஆம்பூர்க்காரர், இங்கேயே வளர்ந்தவர்; வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்பார். நான் எடுத்த உருண்டைக் குடுவையைப் பார்த்து வேண்டாமென்று தலையாட்டினார்.

"உருண்டை நக்கோம்மா, நிக்காது. அடி தட்டையா இருக்கிற கூம்பு எடுத்துக்கோங்க."

"எங்க வீட்டுப் பானையெல்லாம் உருண்டைதான் பாய்."

"ஹவ், பானைக்குக் கீழ பிரிமணை இருக்கும்ல?"

நான் கேட்கவில்லை. ஈஸ்ட்டைக் கலந்து சமையல் மேடையில் வைத்ததும் குடுவை சாவகாசமாகப் படுத்துக்கொண்டது. உடையவில்லை, பாதிதான் கொட்டியது. மீதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தச் சூட்டில் நுரை மெல்லக் கழுத்துவரை ஏறியது. பக்கத்து அறை அனுபமா வந்து, யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டாள்.

பாய் மாற்றித் தருகிறேன் என்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். சின்னதாக ஒரு பிரிமணை அனுப்புங்கள். கொஞ்சம் கிராம்பும். உங்கள் பழைய சேலையில் ஒரு துண்டும், வடிகட்ட.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. ஜாடியைத் திறக்கும்போது போன் செய்யுங்கள். நீங்கள் குடித்துச் சப்புக்கொட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் வாய் வைப்பேன்.

உங்கள்
ஜெசிந்தா