நாற்பது நாள் உட்கார்ந்தவன்

அன்பும் கோபமும் நிறைந்த அக்காவுக்கு,

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுகுவது இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்தோடு நின்றுவிட்டது. அப்பா சரி செய்யவில்லை. தண்ணீரே வரவில்லை.

சிரித்திருக்க மாட்டாய், தெரியும். போன் செய்தால் கட் செய்கிறாய், மெசேஜைத் திறப்பதில்லை. அதனால்தான் காகிதம். இதைக் கட் செய்ய நீ கத்தரிக்கோல் தேட வேண்டும்.

நீ அம்மாவிடம் விற்கச் சொன்னபடியே அப்பா உன் மரப்பட்டறைச் சாமான்களுக்கு ஆள் பார்த்துவிட்டார். ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரர் நேற்று வந்து இழைப்புளி, உளி, கிளாம்ப் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறாராம். 'பொண்ணு மனசு மாறிட மாட்டாளே?' என்று அவரே கேட்டார். அப்பா, 'அவ சொன்னா சொன்னதுதான்' என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அம்மா உன் ஏப்ரனைத் துவைத்து மடித்து ஒளித்து வைத்திருக்கிறாள். எந்த அலமாரி என்று காட்டிக்கொடுக்க மாட்டேன்.

நாற்காலி கூடத்தில், நீ போர்த்திய போர்வைக்குள்ளேயே இருக்கிறது. யாரோ விருந்தாளி காய்ச்சலில் கிடப்பது போல. ஒரு ஆணிகூட இல்லாமல், கைப்பிடியில் தொடங்கி முதுகு வழியாகப் பின்னங்கால் வரை ஒரே வளைவு. முதல்முறை பார்த்தபோது நானே ஜோக் அடிக்க மறந்துபோனேன். நீ அதைக் கொண்டுபோன மரவேலைப் போட்டியில் நடுவர் பத்து நிமிடத்தில் மூன்று தடவை கால் மாற்றி உட்கார்ந்து, 'பார்க்கத்தான் நல்லா இருக்கு' என்றாராம். 'எங்க தப்புன்னே எனக்குத் தெரியலம்மா. அது தெரியாதவ நாற்காலி செய்யக் கூடாது' என்று நீ சொன்னதை அம்மா என்னிடம் சொன்னாள்.

தப்பு உன்னுடையது இல்லை. இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் யார்? அம்மா ஓரிடத்தில் உட்காருவதில்லை, அப்பா உட்கார்ந்தால் தூங்கிவிடுவார், செய்தவளுக்கு வலி தெரியாது என்று நீயே சொல்வாய். அதனால்தானே சாதாரண உயரம், சாதாரண எடை, அசாதாரண வாய் கொண்ட என்னைப் பிடித்தாய்? இருக்கையின் உயரமும் சாய்வும் மாற்றக்கூடிய அந்தச் சோதனை நாற்காலியை என் அறையில் போட்டாய். நாற்பது நாள், தினம் அரை மணி நேரம். எத்தனையாவது நிமிடத்தில் எங்கே வலி என்று நான் எழுதிய குறிப்பேட்டை வைத்துத்தான் இருக்கை அளவையே முடிவு செய்தாய். உட்காருவதில் நான் டாக்டர் பட்டம் வாங்கியவன்.

அக்கா, மேலே உள்ள பத்தியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். இனி உண்மை.

நான் உட்காரவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்தேன், போரடித்தது. மிச்ச முப்பத்தெட்டு நாளையும் ஒரே மதியத்தில் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினேன். வேறு வேறு நாள் போலத் தெரிய மூன்று பேனா. நம்பும்படி இருக்கட்டும் என்று இருபதாம் நாளில் லேசான இடுப்பு வலி. நீ அதைப் படித்துவிட்டு, 'இப்ப இடுப்பு எப்படிடா இருக்கு?' என்று கேட்டாய். தேவலாம் என்றேன். எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்ளும் இந்த வாய், நீ பெட்டி கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று மட்டும் திறக்கவில்லை.

இன்று பள்ளி விட்டு வந்ததும் போர்வையை எடுத்துவிட்டு நிஜமாகவே உட்கார்ந்தேன். எட்டாவது நிமிடம் முன்விளிம்பு தொடைக்கு அடியில் அழுத்தியது. பதினோராவது நிமிடம் இடது பாதம் மரத்துப்போனது. குதிகால் தரையில் சரியாகப் படவில்லை, ஒரு விரல் உயரம் இடைவெளி. முதுகில் எந்த வலியும் இல்லை. முதுகை நீ யாரையும் கேட்காமல் செய்தாய் அல்லவா?

இதைக் கூரியரில் போட்டுவிட்டு நேராக அப்பாவிடம் போய்ச் சொல்லப்போகிறேன். ஆனால் வண்டியைத் திருப்பி அனுப்ப உன் சொல் வேண்டும். சனிக்கிழமைக்குள் போன் செய், அக்கா. திட்டுவதற்காவது செய். முதல் மணியிலேயே எடுப்பேன், நடுவில் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உட்காரக்கூடத் தெரியாத உன் தம்பி