ரோஷினிக்கு அனுப்பிய பென்சில்கள்

கிளமெண்டி,
சிங்கப்பூர்

அன்பு மகன் திலீப்புக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் ரக்ஷனாவும் சுகம். பிரேசிலில் நீயும் லூசியானாவும் குழந்தை ரோஷினியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் சாமி விளக்கின் முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. லிஃப்ட் பழுதாகி மாடிப்படி ஏறியதில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும், இல்லாவிட்டால் அழுகை முந்திக்கொள்ளும், இரண்டும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

விஷயம் பென்சிலைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை லூசியானா வீடியோவில் கூப்பிடும்போது நீ பெரும்பாலும் துறைமுக வேலையில் இருப்பாய். ரோஷினி திரைக்கு முன்னால் வந்து கையை நீட்டி, "பென்சா, வோ" என்பாள். வோ என்றால் தாத்தா என்று சொல்லியிருந்தாய். பென்சா என்றால் என்ன என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கையை வேறு நீட்டுகிறாளே, பிள்ளை பென்சில் கேட்கிறாள் என்று நானே முடிவு செய்துவிட்டேன். சிராங்கூன் ரோட்டுக் கடையில் நல்ல கலர் பென்சிலாகப் பார்த்து வாங்கி அனுப்பினேன். மறுபடியும் கேட்டாள். நிறைய படம் வரைகிற பிள்ளை போலிருக்கிறது என்று இன்னொரு டப்பா அனுப்பினேன். பிரேசிலில் பென்சிலே கிடைக்காதா அங்கிள் என்று போஸ்ட் ஆபீஸில் இருக்கும் பெண்கூடக் கேலி செய்தாள். தாத்தா அனுப்புகிறேன் கண்ணு என்று ஒவ்வொரு தடவையும் நான் தமிழில் சொல்வேன். அவள் கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நிற்பாள், பிறகு இறக்கிக்கொண்டு அவள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது படுத்தால் அந்தப் பார்வைதான் கண்ணுக்குள் வருகிறது.

சென்ற மாதம் லூசியானா ரக்ஷனாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். உன் தங்கை அதைப் படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, அது பென்சில் இல்ல லா. அவ உங்ககிட்ட ஆசீர்வாதம் கேக்குறா. நீங்க கொடுக்க மாட்டேங்கறீங்கன்னு அண்ணி நெனச்சுட்டு இருக்காங்க" என்றாள். அந்த நாட்டில் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்ததும் அப்படித்தான் கேட்பார்களாம், கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்று பெரியவர் உடனே சொல்ல வேண்டுமாம். ரோஷினிக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோபத்தில்தான் நான் அதைச் சொல்லவில்லை என்று லூசியானா நினைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஞானஸ்நானத்துக்கு நீ என் சம்மதத்தைக் கேட்டபோது, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவன் நான். ஒரு அப்பன் உன் இஷ்டம் என்றால் அதில் அவன் இஷ்டம் துளியும் இல்லை என்று உனக்குத் தெரியும். நீ எப்படி மொழிபெயர்த்தாயோ, அவளுக்கும் புரிந்திருக்கிறது. பென்சில் கதையை ரக்ஷனா எழுதி அனுப்பியதும் லூசியானா சிரிக்கிற முகத்தையும் அழுகிற முகத்தையும் சேர்த்தே அனுப்பினாள், பாவம்.

அந்த மதம் நம் பிள்ளையை நம்மிடமிருந்து கொண்டுபோய்விடும் என்று பயந்தேன், அதுதான் உண்மை. நீங்கள் இருக்கும் ஊரின் பெயருக்கே புனிதர்கள் என்று அர்த்தம் என்றாயே, அப்போதே பிடித்த பயம் அது. ஆனால் லூசியானா எழுதியதைப் பார்த்தால் அவ்வளவு பெரிய நாட்டில் ஒரு வீட்டுக்குள்ளேயே எத்தனை விதம். அவள் அம்மா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், தம்பி வேறு சபைக்கு மாறிவிட்டவன், அவளுடைய அண்ணன் மனைவி வெள்ளிக்கிழமை வெள்ளை உடுத்தி ஆப்பிரிக்கத் தெய்வங்களைக் கும்பிடுகிறவள். ஆனாலும் அந்த அம்மாவைப் பார்த்ததும் எல்லோரும் முதலில் கேட்பது இந்தப் பென்சாதானாம். மாதா கோயிலை விட்டவர்கள்கூட இதை விடவில்லையாம். பொங்கலன்று நம் வீட்டில் காலில் விழுந்து திருநீறு வாங்குவதுதானே இது. உன் அம்மா இவ்வளவெல்லாம் யோசிக்கவே இல்லை. அவர்கள் நாட்டுக்கே காவல் என்று லூசியானா அனுப்பிய அந்தக் கறுத்த முகத்து மாதா படத்தை, வந்த அன்றே மாரியம்மனுக்குப் பக்கத்தில் வைத்துப் பொட்டும் இட்டுவிட்டாள். நான்தான் அந்தப் பக்கம் பார்க்காமல் திருநீறு பூசிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுச் சீனர் கொளுத்தும் ஊதுபத்திக்கும் பக்கத்து வீட்டு மலாய்க்காரரின் ஹரி ராயா பெருநாள் பலகாரத்துக்கும் இத்தனை வருஷமாகப் பழகியவன், என் பேத்தியின் தலையில் ஊற்றிய கொஞ்சம் தண்ணீருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

பென்சாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலை ரக்ஷனா தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். தேவுஸ் ச்சி அபென்சோய். தேவுஸ் என்றால் தேவன்தானே, இதில் என்ன கஷ்டம் என்று மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த ஞாயிறு வீடியோ முன்னால் உட்கார்ந்தேன். ரோஷினி வந்தாள், நாய்க்குட்டியைக் காட்டினாள், என் பென்சிலால் வரைந்த வீட்டைக் காட்டினாள். கையை நீட்டவில்லை. லூசியானா அவள் காதில் ஏதோ சொல்லப் போனாள், வேண்டாம் என்று நான்தான் தடுத்துவிட்டேன். பிள்ளையாகக் கேட்டபோது கொடுக்காதவன், சொல்லிக்கொடுத்துக் கேட்க வைத்து என்ன ஆகப்போகிறது? அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் அவள் கேட்கவில்லை.

ஆகவே நீ ஒன்று செய். தாத்தா ஒரு மக்கு, ஆசீர்வாதம் கேட்டால் பென்சில் என்று நினைத்துவிட்டார் என்று அவளிடம் சொல்லு, சிரிக்கட்டும். கேட்கச் சொல்லி மட்டும் வற்புறுத்தாதே. இந்தக் கடிதத்தை லூசியானாவுக்கு ஒரு வரி விடாமல் படித்துக்காட்டு, உன் இஷ்டம் என்று வரும் இடத்தையும் உள்ளது உள்ளபடி சொல்லு. வேலை வேலை என்று வெறும் காபியைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை நீயும் வீட்டில் இரு. அன்றைக்கு நானே முதலில் கையை நீட்டி, பென்சா ரோஷினி என்று கேட்கப்போகிறேன். பதில் அவளுக்குத் தெரியும். என்னைப்போல் அவள் காக்கவைக்க மாட்டாள்.

உனக்கும் லூசியானாவுக்கும் நீங்கள் கேட்காமலே எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா, ரோஷினியின் வோ
சேதுபதி