தோற்றவர் ஏற்றும் கொடி

ஹெர்னே,
ஞாயிறு காலை.

அன்புள்ள தம்பி கிஸ்பெர்ட்டுக்கு,

உன் அண்ணி ரோஸ்வித்தா எழுதுகிறேன். நான் நலம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? கனடாவில் மே மாதத்திலும் பனி என்று போனில் சொன்னாயே, கேட்கும்போதே எனக்கு உதறல் எடுத்தது. இங்கே நல்ல வெயில். நம் தோட்டத்தில் முள்ளங்கி வந்துவிட்டது, அதைத் தின்ன நத்தைகளும் வந்துவிட்டன.

நேற்று பெர்லினில் நடந்த கால்பந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தை நீயும் பார்த்திருப்பாய். உங்கள் நீலச்சட்டையும் எங்கள் சிவப்புச்சட்டையும்! இந்த ஒரு நாளுக்காகத்தானே உன் அண்ணன் எவால்ட் ஆயுசு முழுக்கக் காத்திருந்தார்? பிப்ரவரியிலேயே கிளம்பிப் போய்விட்டார். இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கக் கூடாதா அந்த மனுஷன்? நினைத்தாலே கோபம் கோபமாக வருகிறது.

எங்கள் கல்யாணத்தன்று உங்கள் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது நினைவிருக்கிறதா? “புராட்டஸ்டண்ட் பொண்ணுன்னாக்கூடப் பரவால்லடா, போயும் போயும் சிவப்புச்சட்டைக்காரியையா புடிச்சே?” என்றார். பாவம், பேரப் பிள்ளைகள் இரண்டும் என் கட்சிக்கே வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

தோட்டத்துக் கொடிக்கம்பம் சண்டை உனக்குத் தெரியும். கோப்பையில் யாருடைய அணி முதலில் வெளியேறுகிறதோ, அவர் மற்றவருடைய கொடியைத் தன் கையாலேயே ஏற்ற வேண்டும். இறுதி ஆட்டத்துக்கு மறுநாள் ஏற்றினால் அடுத்த வருஷம் வரைக்கும் அது பறக்கும். ஜெயித்தவர் கயிற்றைத் தொடவே கூடாது. ஒரு தடவை எங்கள் ஆட்கள் முதல் சுற்றிலேயே ஒரு பட்டிக்காட்டு அணியிடம் தோற்றார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் ரொட்டிக்கடைக்காரன்! எவால்ட் அந்தக் கடையைத் தேடிப் போய் ரொட்டி வாங்கிவந்து எனக்குக் காலை உணவு வைத்தார்.

ஏறக்குறைய எல்லா வருஷமும் நான்தான் நீலக்கொடியை ஏற்றினேன். உன் அண்ணன் பின்னால் சாஸேஜ் சுட்டுக்கொண்டே, “இழு ரோஸி, நல்லா இழு! பழகின கைதானே!” என்பார். “வாயை மூடிட்டு அதைப் புரட்டுய்யா, கருகுது” என்பேன். என் கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்த வருஷம்கூட விடவில்லை. “கை ஒடிஞ்சா என்ன? உங்க கட்சியில வேற ஆளே இல்லையா?” என்று கேட்டார். என் தங்கை ஆல்முட் கஸ்ஸலிலிருந்து ரயில் ஏறி வந்து ஏற்றிவிட்டுப் போனாள். எவ்வளவு சிரித்தோம் அன்றைக்கு!

நேற்றுக் காலை நீலக்கொடியை இறக்கினேன். மறுபடி அதைத்தானே ஏற்றப் போகிறோம் என்று துவைத்து இஸ்திரி போட்டு வைத்தேன். சாயங்காலம் தோட்டத்துக் குடிசையில் டிவியைப் போட்டேன். அவர் நாற்காலியில் அவர் ஸ்கார்ஃபைப் போட்டு, பக்கத்தில் ஒரு பீரையும் திறந்து வைத்தேன். ஆட்டம் இழுத்துக்கொண்டே போய் பெனால்டியில் வந்து நின்றது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே. எங்கள் அணிப் பையன் கடைசிப் பந்தை உதைக்க ஓடி வந்தபோது, “வெளியே அடிடா, என் ராசா, வெளியே அடி” என்று வேண்டிக்கொண்டேன். எவால்டின் கொடியை இன்னும் ஒரு தடவை என் கையால் ஏற்ற ஆசையாக இருந்தது.

பாவிப்பயல் கோல் போட்டுவிட்டான். இத்தனை வருஷம் விட்டுவிட்டு, ஜெயிக்க இவர்களுக்கு இந்த வருஷம்தானா கிடைத்தது!

இன்று காலை பக்கத்துத் தோட்டத்து யப்லோன்ஸ்கி வேலி மேல் எட்டிப் பார்த்து, “என்னம்மா, ஜெயிச்சும் கம்பம் மொட்டையா நிக்குது? நான் ஏத்தட்டுமா?” என்றார். “நீங்க எந்தக் கட்சியும் கிடையாது, போய் உங்க தக்காளியைப் பாருங்க” என்று அனுப்பிவிட்டேன். நானும் ஏற்ற முடியாது. அது விதி.

அவர் கட்சியில் இனி நீ ஒருவன்தான், தம்பி. அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று போன் செய்யும்போதெல்லாம் குமைகிறாய். பனிப்புயலில் விமானம் நின்றதற்கு நீ என்ன செய்வாய்? அதை விடு. இப்போது வா. எங்கள் கொடியை ஏற்று. ஏற்றும்போது உன் அண்ணன் மாதிரியே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு முணுமுணு. நான் பின்னால் நின்று சாஸேஜைக் கருகவிட்டுக் கேலி செய்கிறேன். கேலி செய்ய ஆள் இல்லாமல் இந்த வீட்டில் ஒரே அமைதியாக இருக்கிறது.

உருளைக்கிழங்கு சாலட் உங்கள் அம்மா செய்கிற மாதிரியே செய்து வைக்கிறேன். நீ வரும்வரை கம்பம் அப்படியே இருக்கட்டும்.

கடவுள் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அடுத்த வருஷம் எங்கள் ஆட்கள் முதல் சுற்றிலேயே தோற்றுத் தொலையட்டும்.

அன்புடன்,
உன் அண்ணி,
ரோஸ்வித்தா