பழைய பட்டைகளை வெட்டிவிட்டேன்

அம்மாடி,

ஒரு கோட்டுக்கு இன்றே கை வைத்துக் கொடுக்க வேண்டும், கடைக்குச் சீக்கிரம் கிளம்புகிறேன். சாப்பாடு கட்டிப் பையில் வைத்திருக்கிறேன். பூட்டிவிட்டுச் சாவியை மாடி வீட்டு நர்ஸிடம் கொடு.

நேற்று நீ கத்தியது நியாயம்தான். பாறை ஏறும்போது உன்னைத் தாங்குகிற குயிக்டிராவில், இரண்டு கொக்கிகளையும் இணைக்கிற பட்டை நைந்திருக்கிறதே என்று தையல் மிஷினில் ஓட்டிவிட்டேன். "உங்க தையல் சட்டைக்குச் சரி மாமா. நான் விழுந்தா தாங்குமா?" என்றாய். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

பிறகுதான் உன் வீட்டுக்காரன் சொன்னது ஞாபகம் வந்தது: "கொக்கி உழைக்கும்பா, பட்டைக்குத்தான் வயசாகும். பத்து வருஷமானா, பார்க்கப் புதுசா இருந்தாலும் வெட்டிடணும்." அவன் வாங்கிப் பதினோரு வருஷம், அவன் போயே நாலாகிறது. அவன் கை பட்டதாயிற்றே என்று மனசு வரவில்லை, அவ்வளவுதான். காலையில் பழைய பட்டைகள் பன்னிரண்டையும் வெட்டிவிட்டேன்.

நீ வாங்கிய புதுப் பட்டைகள் மேசைமேல் இருக்கின்றன. காரபினர் கொக்கிகள் அவனுடையவையே, துடைத்து வைத்திருக்கிறேன். கயிறு ஓடுகிற கொக்கிகளில் அவன் வைத்த சிவப்புப் பொட்டு இன்னும் அழியவில்லை. அவற்றைப் பாறை ஆணியில் மாட்டாதே. ஆணி உரசிக் கொக்கியில் தழும்பு விழுந்தால் அது கயிற்றை அறுக்கும். உனக்குத் தெரியாததா! பட்டையில் நீயே கோத்துக்கொள், நான் தொடவில்லை.

மாமா

பி.கு.: வெட்டிய பட்டைகளைத் தூக்கிப் போடவில்லை. சாப்பாட்டுப் பைக்குக் கைப்பிடியாகத் தைத்துவிட்டேன். அறுந்தாலும் சாப்பாடுதானே விழும்.