‘முன்’ என்று எழுதியிருந்த முகம்

மார்ச் 4

டாக்டரம்மா அவர்களுக்கு,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. உன் கிளினிக்குக்கு நான்கு தடவை போன் செய்தேன். நான்கு தடவையும் அந்த ரிசப்ஷன் பெண், "டாக்டர் ட்ரீட்மென்ட்ல இருக்காங்க மேடம்" என்றே சொன்னாள். கடிதமாவது உன் கைக்கு வரட்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், நேற்று கியர் மாற்றிக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், உங்க போட்டோவ ஸ்கின் கிளினிக்ல பார்த்தேன். ஊசி போட்டப்ப எவ்வளவு நல்லா இருந்தீங்க! இப்ப பழையபடி இறங்கிடுச்சே, மறுபடி எப்ப போட்டுக்கப் போறீங்க?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வகுப்பு முடிந்ததும் வண்டியை நேராக உன் தெருவுக்கு விட்டேன்.

வரவேற்பறைச் சுவரில், ஆள் உயரத்துக்கு, என் முகம். தொங்கிய புருவம், கோடு விழுந்த நெற்றி, கண்ணை மூடப் பார்க்கும் இமை. கீழே ‘முன்’. பக்கத்தில் உன் முகம், ‘பின்’. இரட்டையராகப் பிறந்ததற்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று. சோபாவில் இருந்த ஒரு பெண் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

ஒரு வாரத்தில் அந்தப் படம் இறங்க வேண்டும்.

உன்னைவிடப் பன்னிரண்டு நிமிடம் மூத்த,
பெரிசு


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

கடிதத்தில் கூடக் கத்துவதற்கு உன்னால்தான் முடியும்.

அந்தப் படத்துக்கு நீதான் உட்கார்ந்தாய். ஞாபகம் இல்லையா? நம் நாற்பத்தொன்பதாவது பிறந்தநாள், என் கிளினிக்கில், கேக் வெட்டிய கையோடு. "என்னவோ பண்ணித் தொலை" என்று சொன்னதும் நீதான். அதில் நான் என்ன பொய் சொல்லிவிட்டேன்? வைத்தியம் பண்ணிக்கொள்ளாமல் விட்டிருந்தால் என் முகம் இன்றைக்கு அப்படித்தான் இருக்கும். உன் முகம் என்று எங்கேயும் எழுதவில்லையே.

கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு நாள் வா. கத்தி கிடையாது, தையல் கிடையாது. நெற்றியிலும் புருவத்தின் ஓரத்திலும் ஏழெட்டு சின்ன ஊசி. புருவத்தைக் கீழே இழுக்கிற தசை தளர்ந்தால் புருவம் தானாக மேலே ஏறும். பிறகு சூடு வைக்கிற மிஷினால் தோலைக் கொஞ்சம் இறுக்குவேன். எல்லாம் அரை மணி நேரம். நான்கு மாதம் தாங்கும். நீயும் ‘பின்’ ஆகிவிட்டால் சண்டைக்கே இடமில்லை.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்காதே. உன் மூஞ்சியை அவ்வளவு சுலபத்தில் தூக்க முடியாது, அது என் தொழில்.

சிறிசு


மார்ச் 20

சிறிசுக்கு,

உன் பதிலை இரண்டாகக் கிழித்தேன். மறுநாள் டேப் வைத்து ஒட்டினேன். என் நிலைமை அப்படி.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி என் பயிற்சியாளர் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். கண் பரிசோதனை உண்டு. காலையில் நன்றாகத்தான் இருக்கிறேன். நாலு மணி வகுப்பு வரும்போது இடது இமை கடை ஷட்டர் மாதிரி இறங்கிவிடுகிறது. எதிரே வருகிற லாரி சில நாள் இரண்டாகத் தெரிகிறது. எது நிஜம் என்று தெரியாமல் என் பக்கத்து பிரேக்கை மிதித்துவிடுகிறேன். "டீச்சர், நான் சரியாத்தானே போனேன்?" என்று ஓட்டுகிறவர்கள் திகைக்கிறார்கள். லைசென்ஸ் போனால் இருபத்தாறு வருஷ வேலை போய்விடும். வேறு வேலை எனக்குத் தெரியாது.

இது வயசுதானா, வேறு ஏதாவதா? நீ டாக்டர், நீ சொல். வயசுதான் என்றால் வருகிறேன். அழகுக்காக இல்லை, வேலைக்காக. நான் வரும் அன்றைக்கே படம் இறங்க வேண்டும்.

பெரிசு


மார்ச் 24

அக்கா,

வயசேதான். தொங்குகிற தோல் இமைமேல் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும். எனக்கும் சாயங்காலங்களில் இருந்தது, ஊசி போட்டதும் போய்விட்டது. உன் உடம்பு எனக்குத் தெரியாதா? ஞாயிறு பத்து மணிக்கு வா. மேக்கப் இல்லாமல் வா என்று எல்லோரிடமும் சொல்வேன். உனக்குச் சொல்லத் தேவையில்லை. படத்தைப் பற்றி நேரில் பேசலாம்.

சிறிசு


ஏப்ரல் 22

டாக்டருக்கு,

ஒரு கண்ணை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது.

நீ ஊசி போட்ட பத்தாம் நாள் இடது கண் முழுசாக மூடிக்கொண்டது. அப்புறம் வலது கண் பாதி. அப்புறம் ரொட்டியை மெல்ல முடியவில்லை, தாடை ஓய்ந்துபோனது. குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது. வகுப்பில் இருந்தபோது கழுத்து நிற்காமல் தலை சாய்ந்துவிட்டது. அந்த வங்கிப் பெண்தான், "டீச்சர், நீங்க பேசாம உக்காருங்க, நான் ஓட்டறேன்" என்று என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். வழியில் வண்டி ஒரு தடவை கூட நிற்கவில்லை. என் பிரேக்கை நான் தொடவே இல்லை. பதினெட்டாம் தேதி இந்தக் கட்டிலில்தான் கழிந்தது.

நரம்பு டாக்டர் சொன்னார்: "இது தோல் தொங்கறது இல்லைம்மா. நரம்பு சொல்றது தசைக்குப் போய்ச் சேராத வியாதி. பொழுது போகப் போக இமை இறங்கறதும், ரெண்டு ரெண்டா தெரியறதும்தான் ஆரம்பம். இது இருக்கறவங்களுக்கு அந்த ஊசியத் தொடவே கூடாது. போட்டவங்க உங்கள ஒண்ணும் கேக்கலையா?"

நீ கேட்கவில்லை. கேட்காமலே நான் எழுதியிருந்தேன்.

ஊசிக்கு முன்னால் நிரப்பும் என் படிவத்தின் நகலை அவர் உன் கிளினிக்கிலிருந்து வரவழைத்தார். ‘தசை பலவீனம்: இல்லை. இரட்டைப் பார்வை: இல்லை. தினமும் சாப்பிடும் மருந்து: தைராய்டு மாத்திரை.’ எனக்குத் தைராய்டு கிடையாது. உனக்குத்தான் இருக்கிறது. அடியில் இருக்கும் கையெழுத்து மட்டும் என்னுடையது. முகம் முழுக்க மரத்துப்போகிற க்ரீமோடு படுத்திருந்தபோது, "இங்க ஒரு கையெழுத்து போடு" என்று நீ நீட்டிய காகிதம்.

என் இடது இமை வலதைவிடக் கீழே இருப்பது உன் சுவரில் இரண்டு வருஷமாகத் தொங்கியது. தினமும் அதைத் தாண்டித்தானே உள்ளே போனாய்? உன்னை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. வந்த மாதிரி நடிக்க முகமும் இல்லை.

பெரிசு


ஏப்ரல் 27

என் அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே படத்தைக் கழற்றிவிட்டேன். ஸ்டூலில் ஏறி நானே கழற்றினேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. உட்கார்ந்திருப்பவர்கள் அங்கே என்ன இருந்தது என்று கேட்கிறார்கள்.

ஆமாம், நான்தான் நிரப்பினேன். நீ முகம் கழுவப் போயிருந்தாய். பள்ளியில் சேர்க்கும்போது அப்பா ஒரு படிவத்தை நிரப்பிவிட்டு, "இன்னொண்ணுக்கும் இதேதான் சார்" என்று குமாஸ்தாவிடம் தள்ளிவிடுவாரே, அதே பழக்கத்தில் என் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனேன். உன் கடிதம் மேஜை டிராயரில்தான் இருந்தது. இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. வேறு எந்த நோயாளிக்கும் நான் இப்படிச் செய்ததில்லை, உனக்குத்தான் செய்தேன்.

இதை எழுதும்போது எதிரே கண்ணாடி இருக்கிறது. கண்ணீர் கொட்டுகிறது, நெற்றியில் ஒரு கோடு விழவில்லை. பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

லைசென்ஸ் அதிகாரிக்கு நான் எழுதித் தருகிறேன், தப்பு முழுக்க என்னுடையது என்று. ஞாயிறு வரட்டுமா? திட்டுவதற்காகவாவது என்னை வரவிடு.

சிறிசு


மே 6

சிறிசுக்கு,

வர வேண்டாம்.

ஒரு நாளைக்கு நான்கு வேளை மாத்திரை. கண் திறந்துவிட்டது, கஞ்சி விழுங்குகிறேன். லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிறகு மறுபடி பார்ப்பார்களாம். நீ அதிகாரிக்கு எழுது. அது எனக்குத் தேவை, அதனால் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். "உங்களோட ரெட்டையா பிறந்தவங்களையும் ஒரு தடவ பார்த்துடணும்" என்று நரம்பு டாக்டர் சொல்கிறார். சாயங்காலங்களில் உனக்கும் இருந்தது என்று எழுதியிருந்தாய். அவரைப் பார்க்கும் வரைக்கும் உன் முகத்தில் ஒரு ஊசியும் ஏற்றாதே.

அவருடைய படிவம் இதோடு இருக்கிறது. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயர், வயசு, மாத்திரை, எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அப்பா மாதிரி ஒரு நிமிஷத்தில் நிரப்பியிருப்பேன். ஒன்றும் எழுதவில்லை. நீயே நிரப்பிக்கொள்.

உன் உடம்பைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

இப்படிக்கு,
வார்டு ஏழு, கட்டில் பன்னிரண்டு